வெண்கூடத்துப் பூதத்தின் நாக்கு

வெண்கூடத்து வாசலில் மாட்டியிருந்த திருஷ்டி பூதம், மாதக்கணக்கில் வீதியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த தன் சிவப்பு நாக்கை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு வாயை மூடியபோது, எதிர்வரிசை டீக்கடைச் சின்னச்சாமி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "வெயிலுக்கு நாக்கு வறண்டிருக்கும், பாவம்" என்று சொல்லி எண்ணெய்ச் சட்டியில் அடுத்த ஈடு வடையைப் போட்டார். அவ்வளவுதான். பஸ் வந்து நின்றது, ஆள் இறங்கினார்கள், பஸ் போனது, இறங்கியவர்களில் ரெண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்து "அட, வாய மூடிக்குச்சு" என்று சொல்லிக்கொண்டு காய் வாங்கப் போனார்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் அந்த மில் வீதியில் குடியிருப்பவர்களுக்கு அதிசயத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க நேரமும் கிடையாது, அப்படி நின்று பழக்கமும் கிடையாது.

ஏணி மேல் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்த, அந்தப் பூதத்தை வரைந்த பூவாத்தாள் மட்டும் கற்பூரம் காட்டாமலே கீழே இறங்கினாள். பலகையில் பூசிய பெயிண்ட் நாக்கு எப்படி உள்ளே போகும் என்று அவள் கேட்கவில்லை. போயிற்று, போனதைப் பார்த்தாயிற்று. அந்த வாய் ஏன் மூடியது என்பதுதான் அவளுக்குத் தெரிந்துபோயிற்று, தெரிந்ததால்தான் இறங்கினாள். அந்த வாயை அவளுக்குத் தெரியும். இருபது வயதில் அவளே அப்படித்தான் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூவாத்தாளுக்கு முன்பற்கள் எடுப்பு. சாதாரண எடுப்பு இல்லை, அவள் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் பற்கள் திரும்பிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பாட்டுக் கட்டும் அளவுக்கு எடுப்பு. பெண் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் அவள் அத்தை தலையில் பூவை வைத்துவிட்டுக் காதில் சொல்வாள், "அவங்க போற வரைக்கும் வாயத் தொறந்திராத சாமி. சிரிச்சு வெச்சிராத. கும்முனு உக்காந்துக்கோ." பூவாத்தாள் உதட்டை இழுத்து மூடி, மேலுதடு பல்லின் மேல் பந்துபோல உப்பி நிற்க, மூச்சை மூக்கில் விட்டுக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் பஜ்ஜி தின்பார்கள், கேசரி தின்பார்கள், தின்றுகொண்டே பார்ப்பார்கள், பார்த்துக்கொண்டே விரலைத் துடைப்பார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போவார்கள். ஒரு மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே நல்ல மனசோடு உடைத்துச் சொன்னாள்: "பொண்ணு தங்கமான பொண்ணுதானுங். ஆனா பாக்கறதுக்கு ஒரு இது வேணுமில்லீங்களா?"

அந்த 'ஒரு இது' என்ன என்று பூவாத்தாள் அத்தையைக் கேட்டாள், அத்தைக்குத் தெரியவில்லை. தரகரைக் கேட்டாள், அவர் வெற்றிலையை மென்றுகொண்டு கையை ஒரு மாதிரி ஆட்டிக் காட்டினார். இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, இல்லாதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உலகத்தில் பாதிக் கதவு அந்த 'இது'வைக் காட்டினால்தான் திறக்கிறது, அதை ஒருத்தராவது வெளிச்சத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார்களா என்றால் கிடையாது.

கடைசியாக ஒரு கூட்டம் வந்து தின்றுவிட்டுப் போன மறுநாள் பூவாத்தாள் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்சநாளில் தனியாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு திருஷ்டிப் படம் வரைய ஆரம்பித்தாள். புதுவீடு கட்டுகிறவர்கள் ஊரார் கண் படாமல் இருக்க வாசலில் மாட்டுவார்களே, முட்டைக்கண்ணும் முறுக்குமீசையும் கொம்புமாக, அந்தப் பூதம்தான். மற்றவர்கள் பூதத்தை யோசித்து வரைந்தார்கள். பூவாத்தாள் கண்ணாடியைப் பார்த்து வரைந்தாள். மீசையும் கொம்பும் மட்டும் கற்பனை, மூக்கும் பல்லும் அவளுடையது. இனிமேல் பார்க்கட்டும், நன்றாக நின்று பார்க்கட்டும், பார்க்கிறவர்களையும் ஒன்று பார்க்கட்டும் என்பதுதான் அவள் எண்ணம். அதில் ஒரு வழக்கமும் வைத்திருந்தாள். நாக்கை மட்டும் கொட்டகையில் வரையமாட்டாள். பலகையைக் கொண்டுபோய் எந்த வீட்டுக்கோ அந்த வீட்டில் அறைந்து, ஏணியைச் சாத்தி, ஏணிக்கம்பில் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கட்டி, வீதியில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கத் தன் நாக்கை வெளியே நீட்டி, கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து, போஸ்ட் ஆபீஸ் சிவப்பில் பூதத்துக்கு நாக்குப் போடுவாள். "எந்த வீதியப் பாத்து நீட்டோணுமோ அந்த வீதியிலதான் நாக்குப் போடோணும். கொட்டாயில போட்டா அது செவுத்தப் பாத்தல்ல நீட்டும்?" என்பாள்.

அந்த நாக்கில் ஏதோ இருந்தது. கோயம்புத்தூரில் அவள் முகம் தொங்காத புதுக்கட்டிடம் கிடையாது என்றாயிற்று. அவளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைகளில் ஒருவன் வடவள்ளியில் மாடிவீடு கட்டியபோது, மேஸ்திரி விவரம் தெரியாமல் அவள் பூதத்தைத்தான் வாங்கிவந்து மாட்டினார். தினமும் அந்த நாக்குக்குக் கீழே குனிந்துதான் அவன் வீட்டுக்குள் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்றைக்குப் பூவாத்தாள் சின்னச்சாமி கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மூடிக்கிடந்த மில்லை ஓவியக்கூடமாக மாற்றியது மில் குடும்பத்து மருமகள் மதுமிதா. வெளிநாட்டில் நவீனக் கலை படித்தவள், யாரையும் கடிந்து பேசாதவள், வெள்ளையைத் தவிர எந்த நிறத்தைப் பார்த்தாலும் தலைவலி வரும் என்பது மட்டும்தான் அவளிடம் குறை. சுவரை வெள்ளையாக்கினாள், தரையை வெள்ளையாக்கினாள், வெண்கூடம் என்று பேரும் வைத்தாள். சாரம் சரிந்து ஒரு கொத்தனாருக்குக் கால் முறிந்தபோது, திருஷ்டிப் படம் மாட்டாமல் கரண்டியைத் தொடமாட்டோம் என்று வெள்ளியங்கிரி மேஸ்திரியின் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை முடியும் வரைதான் என்ற பேச்சின்மேல் மதுமிதா ஒப்புக்கொண்டாள். பூவாத்தாள் வந்தாள், பலகையை அறைந்தாள், நாக்கை நீட்டினாள், நாக்குப் போட்டாள், போனாள்.

இனி நிரஞ்சன் வருகிறார். நிரஞ்சன் கலை விமர்சகர். ஓர் ஓவியத்தின் முன்னால் நின்று அவர் இடது புருவத்தைத் தூக்கினால் வரைந்தவனுக்கு வாழ்வு, தூக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் அவன் ஊருக்குத் திரும்பி மாமனார் கடையில் உட்காரவேண்டியதுதான். அவர் எழுதுவது பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் புரியாததை வெளியே சொல்லமாட்டார்கள். வெண்கூடத்தின் முதல் கண்காட்சி, தூக்கியெறிந்த சாமான்களை வைத்துக் கலை செய்யும் பெரிய ஓவியர் ஒருவருடையது. அறுந்த செருப்பு, உடைந்த டீ கிளாஸ், துருப்பிடித்த தகரம் எல்லாவற்றையும் அவர் வெள்ளைப் பீடத்தில் ஏற்றி வைத்திருந்தார். திறப்புவிழாவுக்கு முந்தின வாரமே வந்து பார்த்த நிரஞ்சன், வாசலில் தொங்கிய பூதத்தையும் அந்த ஓவியரின் படைப்பு என்றே எடுத்துக்கொண்டார். வேறு எந்த ஊரானும் எந்த வேலைக்காரனும் செய்யமுடியாத தப்பு அது. கண்காட்சியிலேயே காலம் கழித்தவரால்தான் செய்யமுடியும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அரைப்பக்கம் எழுதினார். நல்ல ரசனை என்ற நம் மேட்டிமையின் முகத்துக்கு நேரே நீட்டப்பட்ட நாக்கு, இந்த ஆண்டின் மகத்தான துணிச்சல் என்று எழுதினார்.

சின்னச்சாமி அதைக் கடையில் உரக்கப் படித்தார். பூவாத்தாளுக்கு முக்கால்வாசி விளங்கவில்லை, ஆனால் படித்த மனுஷன் ஒருத்தர் தன் பல்லைப் பார்த்துப் பெரிசாகச் சொல்லியிருக்கிறார் என்பது விளங்கியது. அன்றைக்கெல்லாம் வாயைத் திறந்துகொண்டே வேலை செய்தாள்.

திறப்புவிழா அன்று, கட்டிடம் முடிந்ததற்குப் பூதத்துக்குக் கற்பூரம் காட்ட ஏணியோடு வந்தாள். அவள் மேலே நிற்கும்போதே கீழே கார்கள் வந்தன, மெல்லிய பருத்திச் சேலைகளும் வட்டக் கண்ணாடிகளும் இறங்கின, நிரஞ்சன் இறங்கினார். பூதத்தைக் காட்டி அவர் ஓவியரின் தோளைத் தட்ட, ஓவியர் சிரித்துவிட்டு, "சார், அது நான் பண்ணலை. கொத்தனாருங்க மாட்டினது" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிரஞ்சனின் காது சிவந்தது. ஆனாலும் பெரிய மனிதர் பெரிய மனிதர்தான், ஒரே மூச்சில் சமாளித்துக்கொண்டார். "அப்படியா? நல்லது. இவர் செய்திருந்தால் இது ஒரு கேள்வி. அவர்கள் செய்திருந்தால் இது வெறும் பயம்" என்றார். பலகை அதே பலகை, பல் அதே பல், நாக்கு அதே நாக்கு. பிறகு தலையைத் தூக்கிப் பூதத்தின் பல்லைப் பார்த்தார், ஏணி மேல் இருந்தவளின் பல்லைப் பார்த்தார், விவரம் புரிந்தது, குரலை இறக்கினார். வாசலிலேயே கொடுத்த தட்டு ஒரு கையில் இருந்தது, மறுகையால் குச்சி செருகிய ஏதோ பலகாரத்தை எடுத்துக்கொண்டே, நல்ல மனசோடுதான் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கைத்திறன் இருக்கு. ஆனா பார்க்கறதுக்கு ஒரு... ஒரு இது வேணும் இல்லையா?"

அப்போதுதான் பூதம் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

கார்கள் போனபின் பூதம் மெல்ல வாயைத் திறந்து நாக்கை வெளியே விட்டது என்று சின்னச்சாமி மறுநாள் சொன்னார். பேச்சுப்படி அதைக் கழற்றக் கொத்தனார் யாரும் ஒப்பவில்லை, அடுத்தடுத்த வாரங்களில் வீதி அதன் போக்கைப் படித்துக்கொண்டது. பால் வண்டிக்கு நாக்கு வெளியே இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகளுக்கு இருக்கும், குடித்துவிட்டு வந்து அதனோடு சண்டை போடும் வாட்ச்மேனுக்குக்கூட இருக்கும்; ஆனால் எதையும் எடைபோடும் கண்ணோடு ஒருத்தர் அந்தப் பக்கம் வந்துவிட்டால், அவர் பட்டுவேட்டி கட்டியிருந்தாலும் சரி, கிழிந்த லுங்கி கட்டியிருந்தாலும் சரி, நாக்கு சரக்கென்று உள்ளே போய் உதடு மூடி மேலே உப்பிக்கொள்ளும். 'பூதம் வாய மூடுன ஆளு' என்பது வீதியில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. வாடகைக்கு விடுகிறவர்கள் குடிவருகிறவனை ஒரு தடவை வாசல்பக்கம் நடத்திப் பார்த்தார்கள், குடிவருகிறவர்கள் வீட்டுக்காரரை நடத்திப் பார்த்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை நேர்வழியில் விடாமல், சாக்கடை வேலை நடக்கிறது என்று பொய் சொல்லி வெண்கூடத்து வாசல் வழியாகச் சுற்றிக் கூட்டிவந்தார்கள். நாக்கு உள்ளே போய்விட்டால் பஜ்ஜிக்கு வாணலியே ஏறாது. பொண்ணுக்குக் காய்ச்சல் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை மாப்பிள்ளைப் பையன் ஒருவன் பூதத்தைப் பார்த்ததும், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துத் தானும் நாக்கை நீட்டினான். பெண்ணின் அப்பா அந்த இடத்திலேயே, "மாப்பிள, வாங்க டீ சாப்பிடலாம்" என்று தோளில் கையைப் போட்டார். தமிழாசிரியர் ஒருவரைப் பார்த்து நாக்கு உள்ளே போனது. மனுஷன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார், மறுநாளே, தான் சிரித்துத் திருப்பிக் கொடுத்த ஒரு பிள்ளையின் கவிதையைத் திரும்பக் கேட்டு வாங்கிப் படித்தார் என்று சொன்னார்கள்.

பூவாத்தாள் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. வேலைக்கு வேறு வீதியைச் சுற்றிப் போனாள், பேசும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள், புதுப் பலகைகளில் பல்லைக் கொஞ்சம் உள்வாங்கி வரைந்தாள். நாக்குப் போட ஏணி ஏறினால் தன் நாக்கு வெளியே வரமாட்டேன் என்றது. சரி, அவளைச் சொல்லி என்ன, அடி பட்ட இடத்திலேயே பட்டால் யாருக்கும் அப்படித்தான்.

கொஞ்ச நாளில் நிரஞ்சன் மறுபடி வந்தார். அவருக்கு முன்னால் பூதம் வாயை மூடிக்கொண்டுதானே இருக்கும்? மூடிய வாயை அவர் வெகுநேரம் பார்த்தார், இடது புருவம் மெல்ல மேலே போனது. தன் சொல்லைக் கேட்டு அந்தப் பெண் நாக்கை அழித்துவிட்டாள் என்றுதான் நினைத்தார். இந்தத் தடவை முழுப்பக்கம் எழுதினார். சொல்லப்படாததன் கனம், அடக்கத்தின் அழகு, அலறலில் இருந்து மௌனத்துக்கு ஒரு பயணம் என்றெல்லாம் எழுதினார். மதுமிதாவுக்குத் தலைவலி தீர்ந்தமாதிரி இருந்தது. பூதத்தை வாசலில் இருந்து கழற்றி, கூடத்தின் உள்சுவரில் மாட்டி, மேலே விளக்குப் போட்டு, முன்னால் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று எழுதி வைத்தாள். பிறகு பூவாத்தாளின் கொட்டகைக்கு அவளே நேரில் வந்தாள்.

"உங்களைப் பத்தி எல்லாரும் பேசறாங்கக்கா. ஒரு பாராட்டு விழா வெக்கறோம். நிரஞ்சன் சாரே பேசறார். தில்லிக்கு அனுப்பப்போறோம் இதை. இனிமே எல்லா முகத்தையும் நீங்க இப்படியே, வாயை மூடி, அமைதியா வரையலாம்."

பூவாத்தாளுக்கு ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அவள் ஆயுளில் கேட்டதில்லை. அன்றைக்கு டீக்கடைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னபோது சின்னச்சாமி டீ ஆற்றும் கையை நிறுத்தினார்.

"வாசல் மொட்டையாக் கெடக்குது பூவு. போன வாரம் ஒரு சீக்குப் புடிச்ச சம்பந்தம் நேரா வந்து உக்காந்து பஜ்ஜியத் தின்னுபோட்டுப் போயிருச்சு. நீ என்னடான்னா உன்ற மூஞ்சிய அவங்களுக்குத் தாரவாத்துட்டு வந்து நிக்கற?"

"தாரவாக்கலீங்ண்ணா. அவங்களுக்குப் புடிச்சிருக்குதாம்."

"வாய மூடுனதால புடிச்சிருக்குது. தொறந்தா?"

"உங்களுக்குப் பொறாம" என்று சொல்லிவிட்டு அவள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். போகும்போது வாயை மூடிக்கொண்டுதான் போனாள்.

விழா அன்று சாயங்காலம் கோடாலிக்கொண்டை போட்டு, பூ வைத்து, மாம்பழ நிறச் சேலை கட்டிக்கொண்டு போனாள். வெள்ளைக் கூடத்தில் நடுவாக அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். தட்டுகள் வந்தன. தட்டில் கட்டைவிரல் அளவு பஜ்ஜி இருந்தது, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கேசரி இருந்தது. நம்ம ஊர்ப் பலகாரம், நம்ம கலைஞர் என்று மதுமிதா ஆசையாக ஏற்பாடு செய்திருந்தாள். எல்லாரும் தின்றார்கள், தின்றுகொண்டே அவளைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள், விரலைத் துடைத்துக்கொண்டார்கள். மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்த பூவாத்தாளுக்குத் தாடை வலித்தது. ஏன் வலிக்கிறது என்று பார்த்தால், வந்து உட்கார்ந்ததில் இருந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள், மூச்சை மூக்கில் விட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிரஞ்சன் பேசினார். நன்றாகத்தான் பேசினார், குரல் நல்ல குரல். "அந்த நாக்கு ஒரு பிழை. தன் பிழையைத் தானே உணர்ந்து திருத்திக்கொண்டதுதான் இவருடைய மேதைமை" என்றார். பிறகு மைக்கை அவள் பக்கம் நீட்டி, "சொல்லுங்க, அந்த நாக்கை எடுத்துடணும்னு உங்களுக்கு எப்ப தோணுச்சு?" என்று கேட்டார்.

பூவாத்தாள் சுவரைப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே, கயிற்றுக்குப் பின்னால், பூதம் கும்மென்று உட்கார்ந்திருந்தது. மேலுதடு பல்லின் மேல் பந்துபோல உப்பியிருந்தது. அந்த முட்டைக்கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, எப்ப முடியும், எப்பப் போவாங்க என்று அத்தையைப் பார்ப்பதுபோல.

"நான் எடுக்கலீங்" என்றாள் பூவாத்தாள். மைக்கில் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "உங்களப் பாத்து அதுவா வாய மூடிக்குச்சுங்."

யாரோ சிரித்தார்கள். நிரஞ்சனும் சிரித்தார், கவித்துவமாக ஏதோ சொல்கிறாள் என்று தலையை ஆட்டினார்.

"சிரிக்காதீங். நானும் இப்பிடித்தானுங் உக்காந்திருந்தேன். வந்தாங்க, பஜ்ஜி தின்னாங்க, பாத்தாங்க. ஒரு இது வேணும்னுட்டுப் போனாங்க. நீங்களும் அன்னிக்கு ஏணிக்குக் கீழ நின்னுட்டு அதையேதான் சொன்னீங்க. அந்த இது என்னன்னு நானும் இத்தன வருசமாக் கேக்கறேன், ஒருத்தரும் சொல்ல மாட்டீங்கறாங்க. நீங்க படிச்சவரு, எழுதறவரு. நீங்களாச்சும் சொல்லுங். அந்த இது என்னங்க?"

நிரஞ்சன் வாயைத் திறந்தார். "அது..." என்றார். கையை ஒரு மாதிரி ஆட்டிக் காட்டினார், வெற்றிலை மென்ற தரகர் ஆட்டிய அதே மாதிரி. "அது சொல்றது இல்லைம்மா. உணர வேண்டியது."

"அப்ப உங்களுக்கும் தெரியாதுங்" என்றாள் பூவாத்தாள்.

எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். தொடாதீர்கள் என்று எழுதியிருந்ததைத் தாண்டி இரண்டு கையாலும் பூதத்தின் கன்னத்தைப் பிடித்தாள். "போதும் கண்ணு. எத்தன நாளைக்கு இப்பிடி உக்காந்திருப்ப? நீட்டு" என்றாள். பூதத்தின் உதடு நடுங்கியது, திறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஆள் நீட்டிக் காட்டவேண்டியிருந்தது. பூவாத்தாள் திரும்பி, அந்தப் பருத்திச் சேலைகளையும் வட்டக் கண்ணாடிகளையும் தட்டுகளையும் நேருக்கு நேர் பார்த்து, இருக்கிற பல்லெல்லாம் தெரிய வாயைத் திறந்து, அடிநாக்கு வலிக்கும்வரை நாக்கை நீட்டினாள். அம்மாடி, என்ன சுகமாக இருந்தது அவளுக்கு!

அவள் தோளுக்கு மேலாகப் பூதத்தின் நாக்கு இறங்கியது. இத்தனை நாள் அடக்கி வைத்த நாக்கு, நீளம் கேட்பானேன், ஈரத்துணி விழுவதுபோலச் சொத்தென்று தரையில் விழுந்து, பந்திப்பாய் விரிவதுபோல நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் உருண்டு உருண்டு விரிந்துகொண்டே போனது. போஸ்ட் ஆபீஸ் சிவப்பு, இன்றைக்கு அடித்ததுபோல ஈரம். பளபளக்கும் செருப்புக் கால்கள் எல்லாம் மேலே ஏறின. நிரஞ்சன் கேசரிக் கிண்ணத்தோடு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். பூவாத்தாள் பலகையைச் சுவரில் இருந்து கழற்றினாள், பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டாள், நாக்கு பின்னால் இழுபட, நடுக்கூடத்து வெள்ளைத் தரையில் நேராக நடந்து வெளியே வந்தாள். மைக்கில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வாசலில் வீதியே வந்து நின்றிருந்தது. வெள்ளியங்கிரி மேஸ்திரி சுத்தியலோடு வந்திருந்தார், ஆணியை வாயில் கடித்துக்கொண்டு பழைய இடத்தையே தடவிப் பார்த்தார். சின்னச்சாமி அவளுக்கு ஒரு டீயை நீட்டினார், அன்றைக்குக் குடிக்காமல் போன டீக்கும் சேர்த்துச் சர்க்கரை போட்டிருந்தார்.

கூடத்துத் தரையில் அந்தச் சிவப்புத் தடம் உள்சுவரில் இருந்து வாசல் வரைக்கும் கிடந்தது. துடைக்கச் சொன்னபோது கூட்டித் துடைக்கும் பெண்கள் முடியாது என்றுவிட்டார்கள். பூதத்தோட எச்சலத் தொடைக்கறதுக்கு நாங்க வேலைக்கு வரலை என்றார்கள். ஆள் வைத்து வெள்ளை அடித்தார்கள், காய்ந்ததும் சிவப்பு மேலே வந்தது. ஓடு பதித்தார்கள், ஓட்டின் மேலே வந்தது. நிரஞ்சன் மூன்றாவதாக ஒன்று எழுதினார். அந்தத் தரையில் ஓடும் கோட்டைப் போல ஒரு துணிச்சலான கோட்டை இந்தத் தலைமுறையில் யாரும் போடவில்லை என்று எழுதினார். எழுதட்டும், கை இருக்கிறது, எழுதுகிறார். மதுமிதா கோட்டுக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டினாள். பக்கத்தில் வைக்கும் அட்டையில் எழுத ஒரு பெயர் வேண்டும் என்று பூவாத்தாளைத் தேடி வந்தாள். பூவாத்தாள் உப்பிலிபாளையத்தில் ஒரு புதுவீட்டில் ஏணி மேல் இருந்தாள், கண்ணாடியைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோட்டுக்கு என்ன பேர் வெக்கலாம்க்கா? நீங்களே சொல்லுங்க."

பூவாத்தாள் நாக்கை உள்ளே இழுத்துப் பதில் சொன்னாள். "எச்சல்னு எழுதிப் போடுங், மேடம்."

"எச்சில்னா... அப்படியேவா?"

"அப்பிடியேங்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நாக்கை நீட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், சின்ன வெள்ளை அட்டையில், அழகான எழுத்தில். தட்டோடு வருகிறவர்கள் குனிந்து படிக்கிறார்கள், ஆழமாகத் தலையை ஆட்டுகிறார்கள், மிதித்துவிடாமல் செருப்பைத் தூக்கித் தாண்டுகிறார்கள். வாசலில் பூதம் தன் இடத்தில் இருக்கிறது. யார் எந்தக் கண்ணோடு வந்து நின்றாலும் இப்போதெல்லாம் அது நாக்கை இழுத்துக்கொள்வதில்லை. அதனால் மில் வீதியில் பெண் கொடுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான், வருகிற ஆளைத் தாங்களே பார்த்து முடிவு செய்யவேண்டியிருக்கிறது. பெண்ணை மட்டும் யாரும் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வதில்லை.